வெள்ளை டப்பாவும் இடது காதும்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத் திருப்பி, இடுக்கி என்று எல்லாவற்றின் உருவத்தையும் அதில் கறுப்புப் பெயின்டால் வரைந்து வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். எடுத்த சாமானை அதனதன் உருவத்தின் மேல்தான் திரும்ப மாட்ட வேண்டும். கரண்டியின் இடத்தில் தோசைத் திருப்பி தொங்கினால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. காஸ் சிலிண்டர் நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப். துடைப்பத்துக்குத் தனியாக ஒரு மஞ்சள் கட்டம். "எனக்கும் ஒரு கட்டம் போட்டுடுங்க, அதுக்குள்ளயே நின்னுகினு சமைக்கிறேன்" என்று ஒருநாள் கத்தினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. அடுப்புக்கு முன்னால் டேப் ஒட்டினால் எண்ணெய் பட்டு உரிந்துவிடுமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் கம்பெனியில் கற்றுக்கொண்ட பழக்கம். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை வைத்தால் மேலேயிருந்து மெஷின் இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். அந்த லைனுக்கு அவர்தான் லீடர். எங்கள் ஊருக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் ஏரி மட்டும்தான். காற்று இந்தப் பக்கம் வீசினால் பிரஸ் இறங்குகிற சத்தம் எங்கள் வீட்டு வாசலில் கேட்கும். அது தன்னுடைய மெஷினா, பக்கத்து கம்பெனி மெஷினா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்ததில் எனக்கு ஆகவே ஆகாதது சிவப்பு அட்டை. அங்கே அப்படி ஒரு வழக்கம். எந்தச் சாமான் எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லையோ, எது சும்மா கிடக்கிறதோ, அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி ஓரமாக ஒரு ராக்கில் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் அங்கே கிடக்கும். யாராவது வந்து "இது எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டால், கட்டினவரே அட்டையை அவிழ்த்துப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. யாருமே கேட்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும்.

இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொல்லைப்புற ஷெட்டில் ஒரு ராக். என் அம்மா கொடுத்த பித்தளைச் செம்பு, மகளின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ், மூடி தொலைந்த குக்கர் என்று வாராவாரம் ஏதாவது ஒன்று கழுத்தில் சிவப்பு அட்டையோடு அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நான் ஷெட் வாசலில் நின்று "எனக்கு வேணும்!" என்று கத்துவேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் போய் அட்டையை அவிழ்ப்பார். அந்த விஷயத்தில் மட்டும் நியாயமான மனுஷன், சொல்லத்தான் வேண்டும். குக்கரைக்கூட அப்படித்தான் மீட்டேன், மூடியில்லாத குக்கரை வைத்துக்கொண்டு இன்றுவரை நான் ஒன்றும் செய்யவில்லை என்றாலும்.

ராக்குக்கு ஒருபோதும் போகாது என்று நான் நினைத்திருந்த சாமான் ஹாலில் இருந்த டெலிபோன். ஊரில் எல்லோரும் லேண்ட்லைனை எடுத்துவிட்ட பிறகும் அதை அவர் விடவில்லை. காரணம் அவருடைய அக்கா. வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தாய் போய்விட, இவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தது அந்த அக்காதான். அவருக்குச் செல்போன் ஆகாது. காதில் வைத்தால் சுடுகிறது என்பார். அதனால் அங்கே ஒரு லேண்ட்லைன், இங்கே ஒரு லேண்ட்லைன்.

தம்பியின் ஷிஃப்ட் நேரம் அக்காவுக்கு மனப்பாடம். இவர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது போன் அடிக்கும். இவர் இடது கையில் ரிசீவரை எடுத்து இடது காதில் வைத்துக்கொள்வார். வலது கையில் நான் கொடுத்த டீ டம்ளர். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதே காட்சிதான். வாலாஜாபாத்தில் அன்றைக்கு என்ன குழம்பு, எதிர்வீட்டு ஆடு எந்தச் செடியை மேய்ந்தது, யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று எல்லாச் சேதியும் வரும். இவர் அதிகம் பேசமாட்டார். கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். கம்பெனி மூஞ்சி மாறி வீட்டு மூஞ்சி வருவது அந்தப் பேச்சில்தான்.

மகளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தபோது, செல்போன் சிக்னலை நம்பினால் கதைக்காகாது என்று அந்த லேண்ட்லைன் ஒயரிலேயே பிராட்பேண்ட் வாங்கினோம். லைன்மேன் வந்து போட்டுவிட்டுப் போனார். சுவரிலிருந்து வரும் ஒயர் இரண்டாகப் பிரியும். ஒன்று மகள் ரூமில் இருக்கும் மோடத்துக்கு, இன்னொன்று ஹால் போனுக்கு. போனுக்குப் போகிற ஒயரின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. லைட் எரியாது, சத்தம் போடாது, சும்மா தொங்கும்.

சும்மா தொங்குகிற எதையாவது அவர் விட்டுவைப்பாரா? ஒரு லீவு நாளில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகப் போனில் சொருகினார். என் செல்லிலிருந்து வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்தார். மணி அடித்தது. மோடத்தில் லைட் எரிந்தது.

"பாத்தியா? வேலையே செய்யாத ஐட்டம். சும்மா தொங்கிகினு தூசி புடிக்குது" என்றார்.

"லைன்மேன் எதுக்கோதான மாட்டிட்டுப் போயிருக்காரு? உங்களுக்குக் கை அரிக்குதா?" என்றேன்.

"அட்டை கட்றேன். யாருக்கு வேணுமோ கேக்கட்டும்" என்றார்.

எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. மகள் ரூமுக்குள் காதில் ஹெட்போனோடு இருந்தாள். டப்பா சிவப்பு அட்டையோடு ஷெட்டுக்குப் போனது.

அதே வாரம் கம்பெனியில் இவர் நிற்கிற இடத்துக்கு இடது பக்கத்தில் ஒரு பெரிய பிரஸ்ஸைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது அடிக்கிற அடியில் தரையே அதிர்கிறது என்று வந்து பெருமையாகச் சொன்னார். நானும் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் மனுஷனின் போக்கு மாறியது. அக்கா போன் செய்தால் எடுப்பார், "ஆங்... ஆங்... சரிக்கா... வெச்சிடவா" என்பார், வைத்துவிடுவார். டீ பாதி டம்ளரிலேயே இருக்கும். சில நாள் மணி அடிக்க ஆரம்பித்தாலே குளிக்கப் போய்விடுவார். ரூமிலிருந்து மகள் வேறு, "அப்பா போன எடுத்தாலே நெட்டு கட்டாகுது" என்று குறை சொன்னாள். அவள் வேலைக்காகத்தான் பேச்சைச் சுருக்குகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, விடுவாரா? மகனுடைய செல்லை வாங்கி என் செல்லுக்கு அடித்தார்.

"இன்னாடி, என் தம்பிகிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்க?"

"நான் இன்னா அண்ணி சொல்லப்போறேன்?"

"ஒரு வார்த்த பேசமாட்டேன்றான். எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லனு சொல்றேன், சந்தோஷம்க்கான்றான். நீ பக்கத்துல நின்னுகினு ஜாடை காட்றியா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாள் அந்தப் போன் பேச்சில் நான் குறுக்கே வந்ததில்லை. கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தவள் நான். "உங்க தம்பி வாயை நான் தெச்சா வெச்சிருக்கேன்? வந்து நீங்களே கேளுங்க" என்று சொல்லிக் கட் செய்துவிட்டேன். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பே இல்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். உப்பில்லாத ரசத்துக்கு ஒன்றும் சொல்லாதவர் அவர் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவர் தானாகவே பேசினார்.

"அடுத்த வாரம் கம்பெனியில மெடிக்கல். நான் போவல. லீவு போட்டுடலாம்னு கீறேன்."

வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். ரத்தம், கண், அப்புறம் காது. கதவடைத்த சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். பிரஸ் ஷாப்காரர்களுக்கு அந்தக் காது டெஸ்ட் முக்கியம்.

"ஏன் போவல?" என்றேன்.

"காது பூட்ச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். போன்ல அக்கா பேசுனா ஒண்ணும் புரியமாட்டேங்குது. உஸ்ஸுனு ஒரே சத்தம். அந்தப் புது மெஷின் வந்ததுலர்ந்து இப்படி."

கையில் இருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு அவர் எதிரில் வந்து நின்றேன். போன வருஷ மெடிக்கலில் இவருடைய லைனிலேயே ஒருவருக்கு இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் கொதிக்கிற மாதிரி எந்நேரமும் காதில் சத்தம் என்று அவர் சொல்வாராம். அவரை மெஷினிலிருந்து எடுத்து கேன்டீன் ஸ்டோரில் போட்டார்கள். இவர்தான் தினமும் வந்து அந்தக் கதையைச் சொல்வார், பாவம் பாவம் என்று.

"இடது காதா?"

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். மெஷின் அந்தப் பக்கந்தான கீது. ஒருநாள் போனை வலது பக்கம் மாத்தி வெச்சுப் பாத்தேன். அதுலயும் அதே உஸ்ஸு. ரெண்டும் பூட்ச்சு."

"நான் பேசறது கேக்குதே?"

"நீ பேசறது ஏரிக்கு அந்தாண்ட கீறவனுக்கே கேக்கும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போகலாம், ஸ்ரீபெரும்புதூரில் காது டாக்டர் இருக்கிறார், நாளைக்கே போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"டாக்டர் எழுதிக் குடுத்தா அப்புறம் அவ்ளோதான். மெடிக்கல்ல தெரிஞ்சாலும் அவ்ளோதான். என்னைத் தூக்கி ஓரமா வெச்சுடுவாங்க. கழுத்துல ஒரு சிவப்பு அட்டை, அந்த ராக்குல. எவன் வந்து கேக்கப் போறான்?"

கரண்டிக்கெல்லாம் இடம் வரைந்து வைத்தவர், தனக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்று அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு தினமும் எப்படித்தான் அந்த மெஷினுக்கு முன்னால் போய் நின்றாரோ. "அக்காகிட்ட சொல்லாத" என்றார். "வளத்தவ. தாங்கமாட்டா."

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காற்றில் பிரஸ் சத்தம் வரும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தினேன். என்ன பிரயோஜனம்? அவர் அங்கேதானே நிற்கிறார்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணி வந்து இறங்கினார். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சண்டை போடத்தான் வந்தார் என்பது மூஞ்சியிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் கூடை நிறைய கத்திரிக்காயும் முருங்கைக்காயும். "இது ஒனக்கில்ல, என் தம்பிக்கு" என்று சொல்லி என் கையில்தான் கொடுத்தார்.

"அவன் எப்போ வருவான்?"

"வர்ற நேரந்தான் அண்ணி. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். வந்து சேந்துட்டேன்னு வூட்டுக்கு ஒரு போன் போட்டுடறேன்" என்று ஹால் போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார்... சுழற்றவில்லை, பட்டன்தான், ஆனால் அண்ணி அமுக்குவது சுழற்றுகிற மாதிரிதான் இருக்கும். காதில் வைத்தவர் வெடுக்கென்று ரிசீவரைத் தள்ளிப் பிடித்தார்.

"அடச்சீ! இன்னாடி இது, அப்பளம் பொரிக்கிற மாதிரி! இதுல எப்பட்றி பேசறீங்க?"

ஓடிப்போய் அவர் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். உஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல். அதற்குள்ளே எங்கேயோ தூரத்தில் அண்ணியின் மருமகள் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு காதுக்கு மாற்றினேன். அதே உஸ்ஸ்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் போனை அவரைத் தவிர யாரும் எடுப்பதில்லை. எனக்கும் மகளுக்கும் செல்போன். அவரும் செல்லில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். கம்பெனியிலோ செல்லை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போனில் இரைச்சல் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

"ஏய், இன்னாடி ஆச்சு? எழுந்திரு" என்று அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொல்லாதே என்றதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாவிப்பய, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நான் உன்னைப் போயி..." என்று என் கையைப் பிடித்தார். அதோடு சண்டை முடிந்தது.

அதற்குள் மகள் ரூமிலிருந்து வந்தாள். "யாரு போன எடுத்தது? நெட்டு பூட்ச்சு." ரிசீவரை அவள் காதில் வைத்தேன். முகம் சுளித்தாள். லைன்மேனுக்கு அவள் செல்லிலிருந்து அடித்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "போன் ஒயர்ல ஃபில்டர் மாட்டியிருக்கா? வெள்ளை டப்பா?"

எனக்குச் சுரீர் என்றது. மகள் போனை வைத்துவிட்டு எனக்கும் அண்ணிக்கும் விளக்கினாள். பேச்சும் நெட்டும் ஒரே செம்புக் கம்பியில்தான் வருகின்றன. பேச்சு கீழ் ஸ்தாயியில் வருகிறது, நெட்டு அதற்கு மேலே வெகு உச்சத்தில். அந்த டப்பா பேச்சை மட்டும் போனுக்குள் விடும், மிச்சத்தைத் தடுத்துவிடும். டப்பா இல்லாவிட்டால் நெட்டின் இரைச்சல் போனுக்குள் வரும், போனை எடுத்தால் நெட்டும் தடுமாறும். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதை எவன் கழட்டுனது?" என்றார்.

ஷெட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, பழைய இரும்புக்காரர் அந்தப் பக்கம் வரவில்லை. ராக்கின் ஓரத்தில், என் மூடியில்லாத குக்கர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பு அட்டையோடு டப்பா கிடந்தது. யாரும் இல்லாத ஷெட்டில் "எனக்கு வேணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். சட்டம் சட்டம்தானே.

உடனே மாட்டவில்லை. அவர் வரட்டும் என்றார் அண்ணி. வந்தவர் அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவிடவில்லை. அண்ணி கையைப் பிடித்து இழுத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"எனக்கும் காது பூட்ச்சுடா. இவளுக்கும் பூட்ச்சு. ஒன் பொண்ணுக்கும் பூட்ச்சு. இந்தா, கேளு."

அவர் ரிசீவரைக் காதில் வைத்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதா?" என்றார் மெதுவாக. மகள் டப்பாவைக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. வாங்கித் தானே மாட்டினார். வலது கையால் ரிசீவரை எடுத்து, கைக்கு வாகாக வலது காதிலேயே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"கிளீனா கீது" என்றார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நானே கழட்டி, நானே..." அண்ணி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "இனிமே ஏதாவது அட்டை கட்டுன, ஒன் கையில மொதல்ல கட்றேன்" என்றார். முருங்கைக்காய் சாம்பாரும் கத்திரிக்காய்ப் பொரியலும் அன்றைக்கு மிச்சமே இல்லை. டப்பாவின் மேல் 'அகற்றக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். மெடிக்கலுக்குப் போகிறேன் என்று அவரே சொன்னார். அண்ணியைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை காபி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். போனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு பட்டனை அமுக்கி டயல் டோனை நிறுத்தியிருந்தார். ரிசீவர் இடது காதில்.

"இப்போ நீ கேளு" என்று என்னிடம் கொடுத்தார்.

வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "ஒண்ணும் இல்லியே. கிளீனா கீது" என்றேன்.

"எனக்குக் கேக்குது."

"உஸ்ஸுனா?"

"இல்ல. சன்னமா. கொசு மாதிரி." ரிசீவரை வலது காதுக்கு மாற்றினார். "இதுல இல்ல." கீழே வைத்தார். "போனை வெச்சாலும் கேக்குது. இடதுல மட்டும்."

இத்தனை நாள் போனின் பெரிய இரைச்சலையே நினைத்துக்கொண்டிருந்தவர் இந்தச் சின்ன இரைச்சலைக் கவனிக்கவில்லை. அது போனதும் இது தனியாகத் தெரிகிறது. இதைத் தடுக்க எந்த லைன்மேனிடம் டப்பா கேட்பது? போங்க என்றும் சொல்ல வரவில்லை, போகாதீங்க என்றும் சொல்ல வரவில்லை. அவர் காபியைக் குடித்தார், ஷேவ் செய்துகொண்டார், யூனிஃபார்மை மாட்டினார். "தெரிஞ்சுகினே மறைச்சா மிச்சம் கீறதும் பூடும்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட் பஸ்ஸுக்குப் போனார்.

அன்றைக்கு முழுக்க நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். காற்று எங்கள் பக்கம் வீசியது. பிரஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது அவருடைய மெஷினா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்தவர் ஹாலில் நிற்காமல் நேராகக் கொல்லைக்குப் போய் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். டீயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலது நல்லா கீதாம். இடதுல சன்னமான சத்தமெல்லாம் பூட்ச்சாம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்னாரு டாக்டரு. இனிமே பிரஸ் ஷாப் இல்ல. டெஸ்பாட்ச்ல போட்றாங்க, அட்டைப்பெட்டி எண்ற வேலை."

"அண்ணிகிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன். வலது காதுல வெச்சுப் பேசிக்கிறேன்." ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சிவப்பு அட்டை கட்டிட்டாங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"எனக்கு வேணும்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் சன்னமாகத்தான் வந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கல்லைச் சுற்றி அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். ஏரிக்கு அந்தாண்டை இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னேன்.